நார்வேக்குப் புதிதா? மே 17க்கு இப்படித் தயாராகுங்கள்

முதல் வருஷம் நான் செய்த தப்பு, அதை வேடிக்கை பார்க்கப் போனதுதான். ஓஸ்லோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏப்ரல் பாதியிலிருந்தே அலுவலகத்தில் ‘சித்தெந்தெ மாய், சித்தெந்தெ மாய்’ என்று ஒரே பேச்சு. நாட்டின் பெரிய விழா நாளான மே 17ஐத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அன்று காலை மெட்ரோ பிடித்து நகர நடுவில் இறங்கி, கார்ல் யூஹான்ஸ் வீதியோரம் மூன்று மணி நேரம் நின்றேன். பிள்ளைகள் போனார்கள், பேண்டு வாத்தியம் போனது, மறுபடியும் பிள்ளைகள் போனார்கள். எனக்கு முன்னால் நின்ற ஆறேகால் அடி மனிதரின் முதுகை மட்டும் நன்றாகப் பார்த்தேன். கால்வலியோடு வீட்டுக்கு வந்து, காலையில் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் மகனைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. பெற்றோருக்கான வேலைப் பட்டியலில் என் பெயருக்கு நேராக ‘காபி, 1.00 முதல் 2.30 வரை’ என்று போட்டிருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில், அதுவரை பள்ளி வாசலில் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த அத்தனை அம்மா அப்பாக்களும் வரிசையில் வந்து என் கையால் காபி வாங்கினார்கள். பெயர் சொன்னார்கள், பெயர் கேட்டார்கள். இரண்டு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலியில் ஆனித் தேரைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவருக்கும் வடம் பிடிக்கிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் வருஷம் அது உறைக்கவில்லை. நீங்கள் அந்த ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்ன நாள் இது?

யாரிடமும் ‘சுதந்திர தின வாழ்த்துகள்’ என்று சொல்லிவிடாதீர்கள். மெதுவாகத்தான் திருத்துவார்கள், ஆனால் கட்டாயம் திருத்துவார்கள். இது அரசியல் சட்ட நாள். நெப்போலியன் போரில் தோற்ற பக்கம் நின்ற டென்மார்க், 1814 ஜனவரியில் நார்வேயை சுவீடனுக்கு விட்டுக்கொடுத்தது. கைமாறுகிற அந்த இடைவெளியில் 112 பேர் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டில் கூடி, சுமார் ஐந்து வாரத்தில் ஒரு சட்டத்தை எழுதி, மே 17 என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சுவீடன் அரசரின் கீழ் போக வேண்டி வந்தது. சுவீடனை விட்டுத் தனியாக வந்தது 1905இல்தான். ஆனால் 1814 சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. திருத்தங்களோடு இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது.

அப்போதைய சுவீடன் அரசர் கார்ல் யூஹானுக்கு இந்தக் கொண்டாட்டமே பிடிக்கவில்லை. 1820களில் அதை அடக்கிப் பார்த்தார். இன்றைக்கு லட்சக்கணக்கான பேர் கொடியாட்டிக்கொண்டு போகிற வீதிக்குப் பெயர் கார்ல் யூஹான்ஸ் வீதி. அவருடைய பெயர்தான்! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நாட்டைப் பிடித்து வைத்திருந்த வருஷங்களிலும் மே 17க்குத் தடை இருந்தது. 1945 மே 8இல் விடுதலை, ஒன்பதே நாளில் மே 17. அந்த வருஷக் கொண்டாட்டத்தைப் பார்த்த முதியவர் யாராவது உங்கள் கட்டடத்தில் இருந்தால், கேட்டுப் பாருங்கள், காபி ஆறும்வரை பேசுவார்கள்.

நம் ஊர்க் குடியரசு தின அணிவகுப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒன்று விசித்திரமாக இருக்கும். டாங்கி கிடையாது, ஏவுகணை கிடையாது. ஊர்வலம் பள்ளிப் பிள்ளைகளுடையது. 1870இல் ஓஸ்லோவில் தொடங்கியபோது பையன்கள் மட்டும் போனார்கள். பெண்பிள்ளைகள் சேர்ந்தது 1889இல். இராணுவம் என்று கண்ணில் படுவது அரச காவல்படையின் வாத்தியக் குழுதான்.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளுங்கள், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது உதவும். 1814இல் எழுதிய அந்தச் சட்டத்தில், யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அதை நீக்கக் கடைசிவரை போராடியவர் கவிஞர் ஹென்ரிக் வெர்கலான். விதி 1851இல் நீங்கியது, அதற்கு ஆறு வருஷம் முன்பே அவர் இறந்துவிட்டார். ஓஸ்லோவின் யூத சமூகத்தினர் ஒவ்வொரு மே 17 அன்றும் அவர் கல்லறைக்குப் போய் மலர்வளையம் வைக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசி: பட்டியலில் பெயர் கொடுங்கள்

பனி உருகியதும் குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஒரு தாள் வரும், ‘டுக்னாட்’ என்று தலைப்புப் போட்டு. எல்லோரும் கூடிக் கூலியில்லாமல் செய்கிற பொதுவேலைக்கு அதுதான் பெயர். நம் ஊரில் ஏரி குளத்தைத் தூர்வாரக் குடிமராமத்து என்று ஒன்று இருந்ததே, அந்த வகை. குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய சரளைக்கல்லைப் பெருக்கி அள்ளுவது, பழைய இலையை வாருவது, பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிப்பது. மே 17க்குள் ஊர் பளிச்சென்று ஆகிவிட வேண்டும். நமக்குப் போகிக்கு முன்னால் வீடு ஒழிப்பது போலத்தான். ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். முதல் அறிமுகம் அங்கேயே ஆகிவிடும்.

அப்புறம் பள்ளியிலிருந்து செய்தி. பெற்றோர்தான் அன்றைய விழாவை நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு வகுப்பின் பெற்றோர் அந்த வருஷக் குழுவாக இருப்பார்கள். மற்ற வகுப்புகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். தொத்திறைச்சி வேகவைப்பது, ஐஸ்கிரீம் விற்பது, மேசை போடுவது, குப்பை அள்ளுவது, கேக் கொண்டுவருவது. ஸ்போண்ட் என்கிற செயலியில் வரும், அல்லது மின்னஞ்சலில். மொழி புரியவில்லை என்று மூடி வைத்துவிடாதீர்கள். யாரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். ‘வராதவர்’ என்று மனசில் மட்டும் குறித்துக்கொள்வார்கள்.

எந்த வேலையைக் கேட்டு வாங்கலாம்? காபி, ஐஸ்கிரீம் இரண்டும் நல்லது, நாலு பேரோடு பேசலாம். விளையாட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை மொழி வராதவர்களுக்குக் கஷ்டம். சண்டை போடும் பிள்ளைகளுக்கு நியாயம் சொல்ல நார்வேஜிய மொழி நன்றாக வரவேண்டும். குப்பை வேலையை யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள், ஆனால் எடுத்தவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

கேக் விஷயத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த செய்தியில் ‘ஒரு லாங்பன்னெகாகெ’ என்று இருந்தது. பன்னெகாகெ என்றால் தோசை மாதிரியான பான்கேக் என்று அதற்குள் தெரிந்து வைத்திருந்தேன். ‘லாங்’ என்றால் நீளம். சரி, நீளமான தோசை கேட்கிறார்கள் போலிருக்கிறது, பள்ளி முழுக்கச் சாப்பிட வேண்டாமா என்று நினைத்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து நாற்பது பான்கேக் சுட்டு, சுருட்டி, டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோனேன். குழுவின் தலைவி மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே ஜாம் பாட்டிலைத் தேடிப் போனார். லாங்பன்னெகாகெ என்பது அடுப்போடு வருகிற பெரிய சதுரத் தட்டு நிறையச் சுட்டுத் துண்டு போடுகிற சாக்லேட் கேக். ‘லாங்பன்னெ’ என்பது அந்தத் தட்டின் பெயர். என் பான்கேக்குகள் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன, அது வேறு. இன்றும் எனக்கு அந்தப் பள்ளியில் பெயர் ‘பன்னெகாகெ அம்மா’.

முதல் வருஷம் கேட்டதைக் கொண்டுபோங்கள். வடையும் ரோல்ஸும் இரண்டாம் வருஷம். ‘எங்கள் ஊர்ப் பலகாரம் கொண்டுவரட்டுமா’ என்று முன்கூட்டிக் கேட்டால் சந்தோஷமாகச் சரி என்பார்கள். எதைக் கொண்டுபோனாலும் ஒரு சின்னச் சீட்டில் பால், முட்டை, கோதுமை, கொட்டை வகை என்ன என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். முந்திரி, பாதாம் தூவுகிற கைப்பழக்கம் நமக்கு உண்டு, இங்கே ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டாவது இருப்பார்கள்.

என்ன உடுத்துவது?

அன்றைக்கு ஜீன்ஸ் போட்டால் உங்களை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் நீங்களே கூச்சப்படுவீர்கள். கல்யாண வீடு மாதிரி உடுத்தி வருவார்கள். ஆண்களுக்கு கோட்டு, டை. பெண்களுக்கு நல்ல கவுன், அல்லது ‘பூனாட்’.

பூனாட் என்பது அந்தந்த வட்டாரத்துக்கான பாரம்பரிய உடை. நிறம், பூவேலை, வெள்ளிப் பதக்கம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். உடுத்தியிருப்பதைப் பார்த்தே ‘உங்கள் பாட்டி ஹார்டாங்கர் பக்கத்துக்காரரா’ என்று கேட்பார்கள். கம்பளியில் கையால் தைத்து, வெள்ளியும் சேர்ந்தால் 40,000, 50,000 குரோனர் என்பது சாதாரணம். பதினைந்து வயதுவாக்கில் தேவாலயத்தில் உறுதிபூசுதல் நடக்கும்போது பெண்பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பது வழக்கம். பின்னால் பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணி விட்டே தைக்கிறார்கள். வெள்ளி பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரும். நம் வீட்டு அட்டிகைக் கதையேதான். அதனால் அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் கேளுங்கள். ‘எந்த ஊர் பூனாட்’ என்று கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். பூனாட்டோடு கறுப்புக் கண்ணாடி போடக்கூடாது, சாதாரணக் கைப்பை கூடாது என்றெல்லாம் எழுதாத விதிகள் உண்டு. தப்புக் கண்டுபிடிப்பவர்களுக்கு ‘பூனாட் போலீஸ்’ என்றே கேலிப் பெயர்.

நீங்கள் பூனாட் வாங்கவேண்டியதில்லை. விழா உடைக்கடையில் கிடைக்கும் மலிவுப் போலி வேண்டவே வேண்டாம். பட்டுப் புடவை இருக்கிறதே! ஓஸ்லோவில் மே 17 அன்று புடவையும் வேட்டியும் புதிதே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 1956இலேயே முதல் தமிழர் இந்த நாட்டுக்கு வந்துவிட்டார். எண்பதுகளில் வந்தவர்கள் பலர் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது ஊர்வலத்தில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டு போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்த கம்ஷாஜினி குணரத்னம் 2015இல் ஓஸ்லோ துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர்.

புடவை கட்டினால் கவனிக்க வேண்டியது குளிர். மே 17இல் 22 டிகிரி வெயிலும் பார்த்திருக்கிறேன், பனிமழையும் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் மாம்பழக் கலர்ப் பட்டும் தங்க நிறச் செருப்புமாகப் போய், பத்தரைக்குக் கால் விரலில் உணர்ச்சியே போய்விட்டது. மேல்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரி, முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார். தன் பையிலிருந்து ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையை எடுத்து நீட்டினார். “பிள்ளை, சீலைக்குக் கீழ என்ன போட்டிருக்கிறீர் எண்டு ஒருத்தரும் பாக்கப் போறதில்லை. கம்பளியைப் போடும்.” அதற்குப் பிறகு பாவாடைக்கு அடியில் கம்பளிக் கால்சட்டை, ரவிக்கைக்கு அடியில் மெல்லிய கம்பளிச் சட்டை, காலில் மூடிய தட்டைக் காலணி. மேலே போட ஒரு நல்ல கோட்டு. பூனாட் போட்டவர்களும் உள்ளே அதையேதான் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக நெஞ்சின் இடப்பக்கம் ஒரு ரிப்பன்: சிவப்பு, வெள்ளை, நீலம். மே தொடங்கியதும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். இதை மட்டும் மறக்காதீர்கள். கைக்கு ஒரு சின்னக் கொடி, குச்சியோடு. கொடி தரையில் படக்கூடாது. பிள்ளைகள் அதை வாளாக்கிச் சண்டை போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கொடியையும் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊருக்கு ஊர் விழாக்குழுவின் வழக்கம் வேறு, குழுவிடம் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், அன்றைக்கு அவர்கள் கொடி போதும்.

மே 16: வாங்க வேண்டியதை வாங்குங்கள்

மறுநாள் கடைகள் மூடியிருக்கும். பெட்ரோல் பங்கையும் சில சின்னக் கடைகளையும் நம்பிப் பால் வாங்கப் போக முடியாது. 16ஆம் தேதி மாலை கடையில் கூட்டம் நம் தீபாவளி முதல் நாள் மாதிரி. ஸ்ட்ராபெரியும் கிரீமும் முதலில் தீரும். காலையிலேயே போய்விடுங்கள். மதுக்கடைக்கும் விடுமுறைதான். பிள்ளைகள் விழாவில் மது கிடையாது என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை பெரிதாக இருக்காது.

கைப்பேசியில் ‘விப்ஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளித் திடலில் ஐஸ்கிரீம் முதல் பரிசுச்சீட்டு வரை எல்லாவற்றுக்கும் மேசையில் ஒரு எண்ணை ஒட்டிவைத்து விப்ஸில் அனுப்பச் சொல்வார்கள். புதிதாக வந்து வங்கிக் கணக்கு இன்னும் ஆகவில்லை என்றால் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தெரிந்த பெற்றோர் ஒருவரிடம் முன்னமே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று: பிர்ச் மரம். இந்த வாரங்களில்தான் அது துளிர்க்கும். முதல் துளிருக்கு ‘எலிக் காது’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அளவும் வடிவும் அப்படியே. அழகுதான், வாசலில் கிளை ஒடித்தும் வைப்பார்கள். ஆனால் அதன் மகரந்தம் இங்கே நிறையப் பேரைத் தும்ம வைக்கிறது. ஊரில் தும்மலே வராத எனக்கு மூன்றாவது வசந்தத்தில் ஆரம்பித்தது. கண் அரிப்பும் மூக்கொழுகலும் இருந்தால் மருந்துக்கடையில் ஒவ்வாமை மாத்திரை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலை

நாலரைக்கே விடிந்துவிடும். சில ஊர்களில் ஏழு மணிக்கு முன்பின்னாகப் பீரங்கி வெடிப்பார்கள், பேண்டுக் குழு தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு வரும். பெர்கனில் இருப்பவர்களுக்கு வெடியோடு மேளமும் உண்டு. ‘பூயேகோர்ப்ஸ்’ என்கிற சிறுவர் மேளப் படைகள் அந்த ஊருக்கே உரியவை. போரைப் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதல் நாளே சொல்லி வையுங்கள். திடீரென்று கேட்டால் அந்தச் சத்தம் அவர்களுக்கு வேறு எதையோ நினைவுபடுத்தும்.

எட்டு மணிக்குக் கொடி ஏற்றுவார்கள். அப்போதே ‘கிராத்துலேரர் மே டாகன்’ தொடங்கிவிடும். ‘இந்த நாளுக்கு வாழ்த்துகள்’ என்று பொருள், பிறந்தநாளுக்கும் இதையேதான் சொல்கிறார்கள். யாரிடம் சொல்லலாம் என்று யோசிக்காதீர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்தான் நிம்மதி என்று வருஷம் முழுக்க இருக்கிற ஜனம், அன்றைக்கு முன்பின் தெரியாதவரைப் பார்த்து வாழ்த்துகிறது. முதலில் நீங்களே சொல்லுங்கள்.

யாராவது காலை உணவுக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள், வீட்டுக்குள்ளே நடக்கிற மே 17 அதுதான். புது ரொட்டி, புகையூட்டிய சால்மன், முட்டைப் பொரியல், உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, பழம் அடுக்கிய கிரீம் கேக். ஆளுக்கு ஒன்று கொண்டுவருவது வழக்கம். ‘நான் என்ன கொண்டுவர’ என்று கேளுங்கள், ‘ஒன்றும் வேண்டாம்’ என்றாலும் பழம் எடுத்துப் போங்கள். எட்டரை என்றால் எட்டரை. இங்கே வீட்டுக்குள் செருப்பில்லை என்பது நமக்குப் பழக்கம்தான், ஆனால் விழா நாளில் வீட்டுக்குள் போடவென்று சுத்தமான காலணியைப் பையில் எடுத்து வருவார்கள். பட்டுப் புடவைக்குக் கீழே கிழிந்த காலுறையோடு நிற்காமல் இருக்க இதைச் சொல்கிறேன்.

ஊர்வலம்

சின்ன ஊரிலோ புறநகரிலோ என்றால் பள்ளியிலிருந்து கிளம்பி ஊரைச் சுற்றி வருவார்கள், பெற்றோரும் பின்னாலேயே நடக்கலாம். இதுதான் முதல் வருஷத்துக்கு நல்லது. ஓஸ்லோ நடுவில் நடப்பது பெரிது. பத்து மணிக்குத் தொடங்கும், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் பதாகை. அரண்மனை முன்னால் வரும்போது மாடத்தில் அரச குடும்பம் நின்று கையசைக்கும், மணிக்கணக்காக. எல்லாப் பள்ளியும் கடக்க மதியம் ஒரு மணியைத் தாண்டிவிடும்.

உங்கள் பிள்ளை அதில் போவதானால் ஆசிரியரோடு போகும். நீங்கள் கூட நடக்க முடியாது. எங்கே, எத்தனை மணிக்குக் கூட்டிக்கொள்வது என்று பள்ளி சொல்லும். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிப் போடுங்கள், தண்ணீரும் ஒரு சாண்ட்விச்சும் கொடுத்தனுப்புங்கள். கலைகிற இடத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரே சிவப்பு நீலத்தில் இருக்கும். தொப்பிக்கு வேறு நிறம் வைத்தேன், அது உதவியது. வீதியோரம் நிற்பதானால் ஒன்பது மணிக்கே போக வேண்டும், தள்ளுவண்டியோடு போனால் இன்னும் சிரமம். டிராம் அன்றைக்கு நடுவில் ஓடாது.

நின்று பார்க்கும்போது சும்மா நிற்காதீர்கள். ‘ஹுர்ரா’ என்று கத்த வேண்டும். பேண்டு தேசியகீதம் வாசித்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். முதல் சரணத்தையாவது பிள்ளையிடம் கற்றுக்கொள்ளுங்கள், பள்ளியில் அந்த மாதம் வேறு பாட்டே இல்லை. படம் எடுக்கலாம், ஆனால் மற்றவர் வீட்டுப் பிள்ளை முகம் தெரியும் படத்தை அனுமதி இல்லாமல் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். இதில் இங்கே கண்டிப்பு அதிகம்.

சிவப்பு ஓவர்ஆல் போட்ட பதினெட்டு பத்தொன்பது வயதுக்காரர்கள் கண் சிவந்து, குரல் கட்டி அலைவார்கள். பயப்பட வேண்டாம். ‘ரூஸ்’ என்பார்கள், பள்ளிப் படிப்பை முடிக்கிற கடைசி வருஷ மாணவர்கள். வாரக்கணக்கில் கொண்டாடிவிட்டுத் தூக்கமில்லாமல் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு வேடிக்கை அட்டை அச்சடித்து வைத்திருப்பார்கள்; சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் ‘ஹார் டூ ரூஸ்ஸெகோர்ட்?’ என்று கேட்டு வாங்கிச் சேர்ப்பார்கள். என் மகன் ஒரே நாளில் 63 சேர்த்தான். அட்டையில் எழுதியிருக்கும் நகைச்சுவை சிலசமயம் பிள்ளைகளுக்கானதல்ல, ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பள்ளித் திடல்

உண்மையான மே 17 இங்கேதான். கரண்டியில் உருளைக்கிழங்கு வைத்து ஓடுவது, சாக்கில் குதிப்பது, அடுக்கிய தகர டப்பாவைப் பந்தால் அடிப்பது. ஒரு திரைக்கு மேலே தூண்டிலைப் போட்டால் மறுபக்கம் ஒளிந்திருக்கும் அப்பா ஒருவர் பரிசுப் பையை மாட்டிவிடுவார். இன்னொரு பக்கம் பரிசுச்சீட்டு, கேக் மேசை. கிடைக்கிற பணம் வகுப்புச் சுற்றுலாவுக்கோ பேண்டுக் குழுவுக்கோ போகும். வாங்கிக்கொண்டே இருங்கள், அன்றைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் அன்று ஐஸ்கிரீமில் கணக்கில்லை என்பது ஊறிப்போன வழக்கம். நாலாவது ஐஸ்கிரீமுக்கு நான் வேண்டாம் என்று சொன்னபோது பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நம்மவர்களுக்கு முக்கியமான விஷயம் தொத்திறைச்சி. ‘பொல்செ’ என்பார்கள், ரொட்டியிலோ ‘லும்பெ’ என்கிற உருளைக்கிழங்குச் சப்பாத்தியிலோ சுருட்டித் தருவார்கள். பெரும்பாலும் பன்றி, சிலதில் மாடும் கலந்திருக்கும். ‘ஏர் டே ஸ்வீன் ஈ?’ என்றால் பன்றி சேர்ந்ததா என்று கேட்பது, மாட்டுக்கு ‘ஸ்டூர்ஃபே’. கோழியும் சைவமும் தனிப் பாத்திரத்தில் இருக்கும் பள்ளிகள் உண்டு. கிழக்கு ஓஸ்லோவில் அநேகமாக இருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் ஜெல்லியையும் மிட்டாயையும் விசாரித்துவிட்டு வாங்குங்கள், மிருகத்திலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கலாம். எதுவும் சரிப்படவில்லை என்றால் லும்பெயில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவித் தின்னலாம், நன்றாகவே இருக்கும்.

கேக் தட்டின் அடியில் பெயரெழுதி ஒட்ட மறக்காதீர்கள். இரண்டு தட்டு போன பிறகு சொல்கிறேன்.

பிள்ளை இல்லாதவர்கள்

மாணவர்களும் தனியாக இருப்பவர்களும் ‘நமக்கென்ன’ என்று வீட்டிலிருந்துவிடுகிறார்கள். பெர்கன், ஸ்டாவங்கர், ட்ரோண்ட்ஹைம் மாதிரி ஊர்களில் பிள்ளைகள் ஊர்வலம் தவிர, சங்கங்களும் விளையாட்டுக் குழுக்களும் பாடகர் குழுக்களும் போகும் ஊர்வலமும் உண்டு. ஏதாவது ஒரு குழுவில் உறுப்பினரானால் நீங்களும் நடக்கலாம். இல்லையா, அலுவலகத்தில் ‘17க்கு எனக்கு ஒன்றும் ஏற்பாடு இல்லை’ என்று ஏப்ரலிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். இவர்கள் தாமாகக் கூப்பிடக் கூச்சப்படுவார்கள், உங்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டால் மறுக்கமாட்டார்கள். பக்கத்துப் பள்ளி விழாவுக்கும் தாராளமாகப் போகலாம். காபி விற்க ஆள் எப்போதும் குறைவுதான்.

மறுநாள்

மாலை ஆறு மணிக்கெல்லாம் ஊர் ஓய்ந்துவிடும். இரவு ஒன்பதுக்குள் கொடி இறங்கிவிட வேண்டும், வெளிச்சம் இருந்தாலும். குச்சிக்கொடியைக் குப்பையில் எறியாமல் அடுத்த வருஷத்துக்குச் சுருட்டி வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மறுநாள் மே 18. விழா நன்றாக முடிந்த உற்சாகத்தில் என் முதல் வருஷத்துத் தோழி ஒருத்தி, ‘நாளைக்கு நம்ம ஆட்கள் மட்டும் ஒரு பார்ட்டி வைக்கலாமா’ என்று கட்டடத்துக் குழுவில் எழுதிவிட்டாள். ஈழத்தமிழர் வீடுகளிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அது முள்ளிவாய்க்கால் நினைவு நாள். மேல்வீட்டு அக்காதான் பிறகு சொன்னார். 2009இல் மே 16 இரவு நார்வே யூரோவிஷன் பாட்டுப்போட்டியில் ஜெயித்திருக்கிறது. மறுநாள் மே 17. ஊரே இரட்டை மகிழ்ச்சியில் தெருவில். அக்கா மகளுக்கு ரிப்பன் குத்தி, ஊர்வலத்துக்கு அனுப்பிவிட்டு, வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். “பிள்ளை கொடியோட போச்சுது. நான் வன்னிக்கு அடிச்சுக்கொண்டே இருந்தனான். ஒருத்தரும் எடுக்கேல்லை.”

இப்போதும் 17ஆம் தேதி அவர் நல்ல சேலை கட்டுகிறார், காபி மேசையில் நிற்கிறார், என்னைவிட உரக்க ‘ஹுர்ரா’ சொல்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரிப்பனைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாளுக்கு அரிசி எடுத்து வைப்பார். 18ஆம் தேதி அவர் வீட்டில் கஞ்சிதான், பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அன்றைக்கு மிச்சக் கேக்கை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். அக்கா கூப்பிட்டால் போய்க் கஞ்சி குடித்துவிட்டு வாருங்கள். கேக் தட்டை 19ஆம் தேதி வாங்கிக்கொள்ளலாம்.